துண்டு நேரத்தில் ஒரு பட்டம்

கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை 38 வயதில் மறுபடி தொடங்கினேன். 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தேன்.

“இந்த வயசுல படிச்சு என்ன ஆகப் போறது?” என்றார் மாமியார்.

புத்தகங்கள் தபாலில் வந்தன. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது இரண்டு பக்கம். குழந்தைகள் தூங்கியதும் செல்போனில் ஒரு பாடம். புரியாததைக் கேட்க ஆள் வேண்டாமா? அதற்குப் படிப்பு மையத்தில் ஞாயிறு வகுப்பு இருந்தது. மதிப்பெண்ணில் 30 சதவீதம் வீட்டிலிருந்தே எழுதும் அசைன்மென்ட்டுக்கு, 70 பரீட்சைக்கு.

மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷத்துக்குள் முடித்தால் போதும். சின்னவளுக்கு டைபாய்டு வந்த வருஷம் பரீட்சையைத் தள்ளிப்போட முடிந்தது இதனால்தான். நாலாவது வருஷம் பட்டம் கைக்கு வந்தது.

ஒன்று சொல்கிறேன், சகோதரிகளே. சேருவதற்கு முன்பே, ‘ஞாயிறு காலைச் சமையல் உங்களுடையது’ என்று கணவரிடம் பேசி வைத்துக்கொண்டேன். அதனால்தான் ஒரு வகுப்பும் தவறவில்லை. பல்கலைக்கழகம் நமக்காக வளைந்து கொடுக்கிறது. வீடும் கொஞ்சம் வளையணும், இல்லையா?

இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விண்ணப்பம் போட்டுத் தரச் சொல்வதே என் மாமியார்தான்!