கோணமலையும் குறைந்து கூடிய எண்ணும்

“இன்னும் எத்தனை படம் மிச்சம்?” என்று நாழிகைக்கு ஒரு முறை கேட்டபடியே ஓர் ஊரைச் சுற்றிப் பார்த்தவர்கள் உண்டா? அண்மையில் நாம் திருகோணமலையை அவ்வாறுதான் சுற்றிப் பார்த்தோம்.

யாழ்ப்பாணத்தில் எம்முடன் வாழும் பெரியம்மா பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவருக்கு நெடும் பயணம் செய்ய உடல் இடந்தராது. “நான் இனிப் போகேலாது, தம்பி. நீங்களாவது போய்ப் படம் பிடித்துக்கொண்டு வாருங்கோ” என்று சொல்லி, விரல் மடக்கி இடங்களையும் எண்ணிக் கொடுத்தார். சுவாமி மலையிலிருந்து தெரியும் கடல், கன்னியா வெந்நீரூற்று, பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அருகே தாம் வாழ்ந்த ஒழுங்கை, விளக்கு வைக்கும் வேளையில் உட்துறைமுகம் என்பனவே அவை.

கல்லூரி மாணவனான மருமகன் துணைவர, பழைய டிஜிட்டல் கமரா ஒன்றுடன் புறப்பட்டோம். அதன் மெமரி கார்ட் முழுவதும் வீட்டுக் கலியாணப் படங்கள். அவற்றைக் கணினிக்கு மாற்றப் புறப்படும் அவசரத்தில் மறந்துவிட்டோம், அழிக்கவோ மனமில்லை. திருகோணமலையில் விசாரித்த இரண்டு கடைகளிலும் அந்தப் பழைய வகைக் கார்ட் இல்லை. கமராவின் சிறு திரையோ, இன்னும் 60 படங்களுக்கே இடமுண்டு என்று காட்டியது.

முதலிற் சென்றது பிரெடெரிக் கோட்டை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை இது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803-இல் இப்பெயரைப் பெற்றது. வாயிற் கல்லிலே செதுக்கிய கயல்களை இன்றும் காணலாம். உள்ளே, மரநிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. அடர்ந்த இலைகளின் பின்னணியில் அவற்றை இரண்டு படம் எடுத்தோம். எண் 58 ஆகும் என்று பார்த்தால், 57 என்று நின்றது!

சுவாமி மலையுச்சியை அடைந்தோம். இராவணன் வெட்டு என்னும் பெரும் பிளவின் கீழே நீலக் கடல் ஆழ்ந்து கிடக்கிறது. இடிக்கப்பட்ட கோயிலின் சிதைவுகளை 1956-இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கண்டது இக்கடலின் அடியிலேதான். வானும் கடலுமாக மூன்று படம் எடுத்தோம். எண் 55. மூன்று எடுத்தும் இரண்டே குறைந்திருந்தது. “கமரா பழுதாகிவிட்டது போலும்” என்றோம். மருமகன் சிரித்தான். “இல்லை மாமா, அது எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறது” என்றான். கோயிலை வணங்கிவிட்டு ஒரு நிழலில் அமர்ந்து அவன் விளக்கியதை, வாசகர்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

எமது கமராவின் ஒரு படத்தில் ஏறத்தாழ 120 இலட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் அப்படியே எழுதினால் 36 மெகாபைட்டு வேண்டும். ஆகவே, கமரா படத்தைச் சுருக்கி எழுதுகிறது. 1992-இல் வகுக்கப்பட்ட ஜே.பி.ஈ.ஜி. முறைப்படி, படம் எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். மேகமற்ற வானத்தின் கட்டம் ஒன்றை, ‘எல்லாம் இந்த நீலம்’ என்று ஒரு சொல்லிலே முடித்துவிடலாம். இலையும் கிளையும் வெயிலும் நிழலும் கலந்த கட்டத்துக்கோ ஒரு கடிதமே எழுதவேண்டும். இதனாலேயே மானின் படத்துக்கு ஏழு மெகாபைட்டும், வானின் படத்துக்கு இரண்டரையும் செலவாயின. இச்சுருக்கத்துக்கு அடிப்படையான கணித முறையை 1974-இல் வெளியிட்ட மூவருள் முதல்வரான நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். மற்றையோர் நடராசன், ராவ் என்போர்.

ஆனால், அடுத்து நாம் எதைப் படமெடுப்போம் என்பது கமராவுக்கு எவ்வாறு தெரியும்? தெரியாது. ஆகவே, ஒரு படத்துக்குச் சராசரியாக இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, எஞ்சிய இடத்தை அதனால் வகுத்துக் காட்டுகிறது. எமது கமரா வைத்துக்கொண்ட அளவு சுமார் நான்கு மெகாபைட்டு. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் உண்மையில் எஞ்சிய இடத்தைப் பார்த்து மீண்டும் வகுக்கிறது. பானைச் சோறு பத்துப் பேருக்குப் போதும் என்று வீட்டுக்காரி சொல்வதும் இத்தகைய மதிப்பீடுதானே? குழந்தைகள் வந்தால் மிஞ்சும். வயலில் உழைத்துவிட்டு வருபவர்கள் அமர்ந்தால் ஏழு பேருக்கே சரியாகிவிடும்.

காரணம் விளங்கிற்று; அச்சம் மட்டும் நீங்கவில்லை. நண்பகலில் பெரியம்மாவின் ஒழுங்கையை அடைந்தோம். அவர் சொன்ன அடையாளங்களால் வீட்டைக் கண்டுபிடித்தோம். அங்கே இப்போது வாழ்பவர்கள் அன்புடன் அழைத்துத் தேநீர் தந்தார்கள். முற்றம், திண்ணை, கொல்லை எல்லாம் பார்த்தோம். எனினும் மாலையின் துறைமுகத்துக்கு இடம் வேண்டுமே என்று எண்ணி, வாசலில் ஒரே ஒரு படத்துடன் அமைந்தோம்.

கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒவ்வொரு வெம்மை உடையவை. ஊற்று நீரைத் தலையில் வார்த்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்ற கூட்டத்தைக் கண்டதும் எமது சிக்கனம் பறந்துவிட்டது. எடுத்துத் தள்ளினோம். திரும்பியபோது எண் 20.

மாலையில் உட்துறைமுகக் கரையில் நின்றோம். குன்றுகள் அணைத்துக் காக்கும் இந்த ஆழ்ந்த நீர்ப்பரப்பு, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957-இல் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை ஒப்படைத்து அகன்றதும் இங்கேதான். அன்றோ நீர் உறங்குவதுபோல் கிடந்தது. இருள் சூழவே, மருமகன் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 100-இலிருந்து 1600-க்கு உயர்த்தினான். ஒரு படமும் எடுக்கவில்லை. எண்ணோ 20-இலிருந்து 14-க்கு வீழ்ந்தது!

திகைத்துப் பார்த்தோம். ஒளியுணர்வை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகள் தோன்றும். கமராவுக்கு அவையும் இலைகளைப் போலவே; சுருக்குவது கடினம். ஆகவே, இனி ஒரு படத்துக்குக் கூடுதலான இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கை மாற்றிக்கொள்கிறது. கரையோர விளக்குகள் நீரில் நீண்டு நடுங்க, ஐந்து படம் எடுத்தோம். எண் 10 என நின்றது.

மறுநாள் யாழ்ப்பாணத்தில், பெரியம்மா கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு படத்தையும் நெடுநேரம் பார்த்தார். துறைமுகத்து விளக்குகளைக் கண்டு கண் கலங்கினார். வாசற் படத்தைக் கண்டதும், “கொல்லைக் கிணற்றடியை எடுக்கேல்லையே, தம்பி? ஐயா தன் கையால் கட்டின கிணறல்லோ?” என்று கேட்டார்.

அந்தக் கிணற்றடியில் நின்றுதான் நாம் முகம் கழுவியிருந்தோம். விடை சொல்லத் தெரியாமல் கமராவைக் கையில் எடுத்தோம். பகல் வெளிச்சத்துக்கென ஒளியுணர்வை மருமகன் மீண்டும் 100-க்கு இறக்கியிருந்தான். ஒரு படமும் அழிக்கப்படவில்லை. ஆயினும் எண் 14-க்கு ஏறியிருந்தது.

மாணவ நண்பர்களே, அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது வாக்குறுதியும் அன்று. பயணம் செல்லுமுன் பழைய படங்களை மாற்றிவிட்டு, வெற்றுக் கார்ட் ஒன்றையும் உடன் கொண்டு செல்லுங்கள். மறுபடி கிடைக்காத காட்சி எதுவோ, அதை முதலில் எடுங்கள். நாமோ இன்னொரு முறை திருகோணமலைக்குப் போகவேண்டியிருக்கிறது. பெரியம்மா காத்திருக்கிறார்.