காலடித் தடங்கள்

லாரியும் கூடாரமுமாகத் தெற்கு ஆப்பிரிக்காவைத் தரைவழியே சுற்றிவரும் கூட்டுப் பயணங்கள் இன்று பெருகிவிட்டன. இருபது பேர் ஒரே வண்டியில் ஏறுகிறார்கள். பகலில் புழுதிச் சாலை. இரவில் புல்வெளிக் கூடாரம். விடியலில் சிங்கத்தையும் யானையையும் தேடிச் செல்லுதல். சமையல், பாத்திரம் துலக்கல், கூடாரம் அடித்தல் யாவும் முறைவைத்து எல்லோருக்கும் பொது. என் கல்லூரித் தோழர் ஒருவர் அண்மையில் அப்படிச் சென்றுவந்தார். பல நாட்டார் உண்ட தட்டுகளைத் தாம் கழுவியதைப் பெருமையோடு எழுதியிருந்தார். மகிழ்ந்தேன். "இன்னார் தொட்ட நீரைப் பருகேன்" என்னும் ஆணவம் இன்னும் சாகாத நாட்டில் பிறந்தவருக்கு, அதைவிடச் சிறந்த பாடம் ஏது?

ஆயினும் தோழர்களே, அந்த மண்ணில் தமிழர் கூட்டமாகச் சென்றதும், வானமே கூரையாகப் படுத்ததும் இது முதன்முறையன்று. அன்று வண்டி இல்லை, கூடாரம் இல்லை, கட்டணம் கட்டி வந்த களிப்பு இல்லை. கால்கள் இருந்தன, நெஞ்சில் ஒரு கேள்வி இருந்தது.

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களை மிகுதியாக அளித்த மாவட்டங்களுள் ஒன்று வட ஆர்க்காடு! ஆம், சோளிங்கரும் வேலூரும் அடங்கியிருந்த அதே வட ஆர்க்காடு! விதியா அவர்களை அனுப்பிற்று? இல்லை. பஞ்சம் அனுப்பிற்று, கடன் அனுப்பிற்று, சாதிக் கொடுமை அனுப்பிற்று.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல், மீண்டும் அடிமைச் சீட்டும் எழுதாமல், உரிமையோடு வாழ விரும்பியவன் தலையில் 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சுமத்திற்று. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஆறு மாதக் கூலி!

1913 மார்ச்சில் இன்னோர் இடி விழுந்தது. கிறித்தவ முறைப்படி நடவாத திருமணம் சட்டத்தின் கண்ணில் செல்லாது என்னும் பொருள்பட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரோகிதரை விலக்கி மணந்த நம் தோழர்களையும், "உன் மனைவி சட்டப்படி மனைவியல்ல" என்றுதானே ஏளனம் செய்தார்கள்? 1967இல் அண்ணா சட்டம் கொணரும் வரையில் நாம் பட்ட வேதனையை, அந்தத் தாய்மார் அன்றே பட்டார்கள். பொறுத்திருந்தார்களா? திரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, "வேலையை நிறுத்துங்கள்" என்றார்கள். சுரங்கங்கள் ஓய்ந்தன.

1913 நவம்பர் 6ஆம் நாள் காலையில் சார்லஸ்டவுனிலிருந்து அந்தப் படை புறப்பட்டது. ஆடவர் 2,037, பெண்டிர் 127, சிறார் 57. ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்சு சர்க்கரை. இதுதான் உணவு. அனுமதிச் சீட்டின்றி எல்லையைத் தாண்டுவதே அவர்கள் செய்த குற்றம். அதைச் செய்வதற்காகவே நடந்தார்கள். தலைவர் காந்தியார் வழியிலேயே கைது செய்யப்பட்டார். நடை நிற்கவில்லை. ஒரு குழந்தை குளிரில் மாண்டது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி நீரில் மறைந்தது. தாய்மார் நடந்தார்கள். நவம்பர் 10ஆம் நாள் பால்போரில் எல்லோரையும் ரயிலில் அடைத்து, சுரங்கங்களையே சிறைகளாக்கிப் பூட்டினார்கள். ஆனால் 1914இல் 3 பவுன் வரி ஒழிந்தது. அவர்களுடைய திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். தோல் பதனிடும் தொழிலாளியின் மகள். "ஐயா, அவர்களுக்குச் சாப்பாடு தனித்தனியாகவா போட்டார்கள்?" என்றாள். எல்லை எங்கே, வரி எவ்வளவு என்று கேட்கவில்லை. பந்தியைப் பற்றிக் கேட்டாள்! "இல்லையம்மா, சார்லஸ்டவுனில் ஒரே சோறு, ஒரே பருப்பு, சில நாள் பருப்பு வேகவும் இல்லை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நிறைவோடு உட்கார்ந்தாள்.

எங்கள் ஊர் மலைக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். பாவம் தீரும் என்று ஏறும் கால்களை நாள்தோறும் காண்கிறேன். இல்லாத பாவத்தைத் தீர்க்க அத்தனை உறுதி காட்டும் கால்கள், இருக்கும் அநீதியைத் தீர்க்க நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1913 விடை சொல்லிற்று.

ஆனால் பகுத்தறிவாளன் தன் இனத்தின் கண்ணீரோடு நின்றுவிடலாகாது. அதே 1913இல்தான், மண்ணின் மைந்தர்களான கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கிய நிலச்சட்டம் வந்தது. வனவிலங்கு காணச் செல்வோர் வியக்கும் குரூகர் பூங்காவின் வடகோடியில் மகுலேக்கே மக்கள் வாழ்ந்தனர். 1969இல் அவர்களைத் துரத்தினர். தம் குடிசைகளுக்குத் தம் கையாலேயே தீயிடச் செய்தனர். விலங்குக்கு வேலி, மனிதனுக்கு வெளியேற்றம்! 1998இல் உரிமை மீண்டது. மீண்டும் பெற்ற நிலத்தைக் காடாகவே காத்து, வரும் பயணிகளால் கிடைக்கும் வருவாயைத் தம் ஊருக்கு ஆக்கிக்கொண்டார்கள் அம்மக்கள். பழிவாங்காத பெருமை அது!

எனவே, இளைஞர்களே, வாய்ப்புக் கிட்டினால் செல்லுங்கள். சிங்கத்தைக் காணுங்கள், கூடாரம் அடியுங்கள், எல்லோரும் உண்ட தட்டைக் கழுவுங்கள். ஆனால் வழிகாட்டி விலங்கின் காலடித் தடத்தைக் காட்டும்போது, "இங்கே வாழ்ந்த மனிதர் எங்கே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவன், தன் ஊர்ச் சேரியைக் கடக்கும்போதும் வாய்மூடிச் செல்லமாட்டான்.