755 கிராம்

இட்டாபாஷிக்குப் போன அன்று என் தோள்பையில் 300 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தது. 2015இல் நிக்கான் வெளியிட்டது. எடை 755 கிராம். அதற்கு முன்பு நான் சுமந்ததும் 300 மி.மீ.தான், அதே எஃப்/4 திறப்புதான். ஆனால் 1,440 கிராம். பறவை பார்க்கப் போய், பாதி நாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. பாதி எடை எங்கே போயிற்று என்ற கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

இட்டாபாஷி, டோக்கியோவின் வடக்குப் பக்கத்து வட்டாரம். லென்ஸ் தொழிலுக்குப் பேர்போனது. டாப்கான் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் இங்கேதான். பெண்டாக்ஸ் கேமராக்களைச் செய்த அசாஹி ஆப்டிகலும் ஒருகாலத்தில் இங்கிருந்தது. பெரிய பெயர்களின் நிழலில் சந்துபொந்தெல்லாம் சிறு மெருகுப் பட்டறைகள் முளைத்தன. நான் போனது அப்படி ஒன்று. பெயர் போட வேண்டாம் என்றார்கள். யாருக்காகத் தேய்க்கிறீர்கள் என்றும் கேட்கக் கூடாதாம். அதை மொழிபெயர்த்த நண்பர், "நம்ம ஊர்ல கல்யாணச் சமையல்காரர்கிட்ட மசாலா அளவு கேக்குற மாதிரி" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

உள்ளே வரிசையாகச் சுழலும் தட்டுகள். அவற்றின் மேல் செம்மண் கரைத்தாற்போல் ஒரு குழம்பு ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது. நீரில் கலந்த சீரியம் ஆக்சைடு. வைரத்துகள் பதித்த கருவி கண்ணாடிக்கு வளைவு கொடுத்த பிறகு, கடைசி மெருகு இந்தக் குழம்பில்தான்.

நாற்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒரு லென்ஸை எடுத்துக் கழுவித் துடைத்தார். உடனே சோதிக்கவில்லை. ஆறட்டும் என்று ஓரமாக வைத்தார். தேய்த்த சூடு, ஏன், கையில் பிடித்த சூடுகூடக் கண்ணாடியை உப்பவைத்து அளவைப் பொய்யாக்கிவிடும். ஆறியபின் அதன்மேல் அளவுக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி விளக்கடியில் நீட்டினார். வளையங்கள் தெரிந்தன. பள்ளியில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய அதே நியூட்டன் வளையங்கள். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இரு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ஒளியின் அலைநீளத்தில் பாதி, சுமார் 0.3 மைக்ரான் வித்தியாசம். வளையம் எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்த்தே, இன்னும் எங்கே தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். பக்கத்து அறையில் இதே வேலைக்குக் கணினிக் கருவி இருக்கிறது; கடைசித் தீர்ப்பு அதனுடையது. இருந்தாலும் இவர் முதலில் தன் கண்ணைக் கேட்டுவிட்டுத்தான் அங்கே அனுப்புகிறார்.

தொலைவில் இருப்பதை அருகே காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் கனப்பதற்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. 600 மி.மீ. எஃப்/4 என்றால் 600ஐ 4ஆல் வகுக்க வேண்டும். ஒளி நுழையும் வாசல் 150 மி.மீ. அகலம், ஒரு டிபன் தட்டு அளவு. அந்த அகலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி அடுக்கினால் தோள் என்னாகும்? லென்ஸை வடிவமைப்பவர்கள் முன்னால் நிற்பவற்றில் சிலவற்றைப் பின்னுக்குத் தள்ளினார்கள். உள்ளே போகப் போக ஒளி குவிந்து குறுகுவதால், அங்கே சிறிய கண்ணாடி போதும். கேனானின் 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 2011இல் 3,850 கிராம், 2018இல் 2,840. திறப்பையே கொஞ்சம் சுருக்கிவிடுவதும் உண்டு. நிக்கானின் 800 மி.மீ. 4,590 கிராமிலிருந்து 2022இல் 2,385க்கு இறங்கியதில், எஃப்/5.6 எஃப்/6.3 ஆனதற்கும் பங்கிருக்கிறது. சென்சார்கள் இருட்டைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதால் நாமும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

என் பையிலிருந்ததில் வேறு வித்தை. சாதாரண லென்ஸ் சிவப்பைவிட நீலத்தை அதிகம் வளைப்பதால் உருவத்தின் ஓரங்களில் நிறம் கசியும். அதைச் சரிக்கட்டக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும். நுண்ணிய வளையப் படிகள் கொண்ட கண்ணாடியோ சிவப்பைத்தான் அதிகம் வளைக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். கேனான் 2001இலேயே 400 மி.மீ. ஒன்றில் இதைக் கொண்டுவந்துவிட்டது. கலங்கரை விளக்கக் கண்ணாடியின் கனத்தைக் குறைக்க ஃபிரனெல் கண்டுபிடித்த வளையங்களுக்கு இவை தூரத்துச் சொந்தம். படத்துக்குள் பளீரென்று விளக்கு வந்தால் சுற்றிலும் வளையமாக ஒளி சிந்தும். அந்தக் குணத்தோடுதான் குடித்தனம்.

இதையெல்லாம் பெரியவரிடம் ஆர்வமாக அளந்தேன். மெல்லிய லென்ஸ் என்றால் வேலை கூடும் என்றார், அவ்வளவுதான். மெல்லிய கண்ணாடி அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும். தட்டிலிருந்து எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும்; அதுவரை சரியாக இருந்த வளைவு கெடும். அழுத்தத்தைக் குறைத்தால் நேரம் இழுக்கும். என் தோள் இறக்கிவைத்த 685 கிராமில் ஒரு பங்கை இவரைப் போன்ற யாரோ தன் கண்ணில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்போது பட்டது.

கடைசி அறையில் ஒரு பெண்மணி லென்ஸ்களின் விளிம்புக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார். விளிம்பில் பட்ட ஒளி உள்ளே பிரதிபலித்துப் படத்தை வெளிறவைக்காமலிருக்க இந்தப் பூச்சு. சுழல்வது லென்ஸ், தூரிகை அசையவே இல்லை. அவர் ஒன்றை முடிக்கும்வரை நானும் மூச்சுவிடவில்லை.

புறப்படும்போது பெரியவர் என் லென்ஸைக் கேட்டார். இரண்டு கையாலும் வாங்கினார். எடையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். முன்கண்ணாடியை விளக்குக்கு நேரே சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து துணி எடுத்து எதையோ துடைத்துவிட்டு, மூடியைப் போட்டு நீட்டினார். கூடவே ஒரு வார்த்தை சொன்னார்.

நண்பரைப் பார்த்தேன்.

"கண்ணாடியில விரல் வைக்காதீங்கன்னு சொல்றார்."