பூம்புகார் டு தேக்கடி: எழுந்து ஓடாதீங்க... காடு தானா வரும்!

மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்களுக்குத் தேக்கடி அந்நியமான ஊர் இல்லை. பூம்புகாரில் பிறந்த கண்ணகி, மதுரையை எரித்த பிறகு மேற்கே நடந்து போய்ச் சேர்ந்த மலை குமுளிக்கு அருகில் இருப்பதாகத்தான் நம்பிக்கை. அங்குள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்ரா பௌர்ணமி அன்றுதான் பக்தர்களுக்கு அனுமதி. அந்தக் கோயில் இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்தான் தேக்கடி ஏரியும் இருக்கிறது.

வயலும் வாய்க்காலுமாகத் தட்டையான பூமியைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, மழைக்காட்டுக்கு நடுவே ஒரு ஏரி என்பது புது அனுபவம். குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்காக இதோ...

எப்படிப் போவது?

மயிலாடுதுறை - செங்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு பஸ். கம்பம் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நெல் வயல். லோயர் கேம்ப் வந்ததும் மலையைப் பாருங்கள். உச்சியிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. அதில் வருவது, நீங்கள் பார்க்கப்போகும் ஏரியின் தண்ணீர்தான்!

மனிதர் கட்டிய ஏரி

ஆம், தேக்கடி ஏரி இயற்கையாக உருவானது இல்லை. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-ல் தொடங்கி 1895-ல் முடிக்கப்பட்டது முல்லைப்பெரியாறு அணை. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்தான் ஏரி. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்த நீர் கிழக்கே திரும்புகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்கு அது பயன்படுகிறது.

நாம் மேட்டூர் 120 அடியை எட்டுமா என்று தினமும் பார்ப்பதுபோல, அங்கே 142 அடியைப் பார்க்கிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு அது. பென்னிகுயிக் பிறந்தநாளான ஜனவரி 15-ல் தேனிப் பக்கம் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படகு கிளம்பியதும்...

முதலில் கண்ணில் படுவது, தண்ணீருக்கு நடுவே கருத்து நிற்கும் பட்டுப்போன மரங்கள். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். 125 ஆண்டுகளுக்கு மேலாகியும் விழாமல் நிற்கின்றன.

எங்கள் படகில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, "ஏன் தம்பி, பட்டுப்போன மரத்தை வெட்டாம வச்சிருக்கீங்க?" என்று படகு ஊழியரிடம் கேட்டார். "வெட்டக் கூடாது பாட்டி, அதுலதான் பறவைங்க கூடு கட்டுது" என்றார் அவர். உண்மைதான். ஒரு மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் நீளக் கழுத்தோடு பாம்புத்தாரா.

கரையில் கடமான், காட்டுப்பன்றி, காட்டெருமைக் கூட்டம், யானை, நீர்நாய்... அதிர்ஷ்டம் இருந்தால் எல்லாமே தெரியும். புலி? காப்பகத்தில் இருக்கிறது. ஆனால், படகிலிருந்து பார்ப்பது மிக அபூர்வம். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி முதல் மே வரை காட்டுக்குள் நீர் வற்றும்போது விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். ஏரியும் இறங்கி, கரையில் புல்வெளி அகன்றிருக்கும். மழைக்காலத்தில் காடு கண்கொள்ளா அழகு. ஆனால், விலங்குகளுக்கு உள்ளேயே தண்ணீர் கிடைத்துவிடும். எந்த மாதமானாலும் காலை முதல் படகும் மாலை கடைசிப் படகும்தான் சரியான தேர்வு.

அந்த 45 உயிர்கள்

இந்த ஏரியைப் பற்றிப் பேசும்போது 2009 செப்டம்பர் 30-ஐ மறக்க முடியாது. அன்று மாலை சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழகத்திலிருந்து குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததால் படகு சாய்ந்ததாக அப்போது சொல்லப்பட்டது. படகின் வடிவமைப்பு பற்றியும் கேள்விகள் எழுந்தன.

அதன் பிறகுதான் லைஃப் ஜாக்கெட் கட்டாயமானது. படகு ஓடும்போது எழுந்து நிற்கக் கூடாது என்பதும் கண்டிப்பானது. ஆனாலும், யானை தெரிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு எழுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் படகிலும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஊழியர் அதட்டி உட்காரவைத்தார். நம் பக்கம் யானை இல்லையென்றால் ஓட வேண்டாம். படகு திரும்பும்போது அந்தக் கரை நம் பக்கம் வந்துவிடும். சத்தம் குறைந்தால் விலங்குகளும் கரையில் கூடுதல் நேரம் நிற்கும்.

படகோடு முடியவில்லை

ஏரிக்கரை வெறும் வாசல்தான். அடர்ந்த மழைக்காட்டை உணர, வனத்துறை ஏற்பாட்டில் வழிகாட்டியோடு நடக்கலாம். மூங்கில் தெப்பத்திலும் போகலாம். வழிகாட்டிகளில், ஒருகாலத்தில் இதே காட்டில் பட்டை உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும் உண்டு. 1990-களின் இறுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம் அவர்களைக் காவலர்களாக மாற்றியது. யானைச் சாணத்தைப் பார்த்தே அது எப்போது போனது என்று சொல்லிவிடுகிறார்கள். உயரே மலை அணில், கருமந்தி, இருவாச்சி என்று அவர்கள் கைகாட்டிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

கிளம்பும் முன்...

* படகு டிக்கெட்டை ஆன்லைனில் முன்பதிவு செய்யுங்கள். நேரத்தையும் கட்டணத்தையும் அப்போதே சரிபாருங்கள்.
* கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சீசன். குமுளியில் கூட்டம் நெரியும்.
* மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி அதிகம். காட்டுக்குள் நடப்பதென்றால் அதற்கான காலுறை அவசியம்.
* பளிச்சென்ற நிற உடை, பிளாஸ்டிக் பை இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.
* லைஃப் ஜாக்கெட் பட்டியைப் பிள்ளைகளுக்கு நீங்களே இழுத்துப் பாருங்கள். இறங்கும் வரை கழற்ற வேண்டாம்.