மகனுக்குக் கொடுக்காத வீடு

லண்டன் ஹோல்பர்ன் பாதாள ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் வந்துவிடும். மரங்கள் சூழ்ந்த பெரிய சதுக்கம். சுற்றுவட்டாரமெல்லாம் வழக்கறிஞர் அலுவலகங்கள். சதுக்கத்தின் வடக்கு வரிசையில் செங்கல் வீடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வெளிர்நிறக் கல் முகப்பைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஏதென்ஸ் கோயிலில் தூணாக நிற்கும் பெண் சிலைகளைப் பார்த்துச் செய்த இரண்டு உருவங்கள் அதன் மேல்தளத்தில் நிற்கின்றன. அதுதான் 13ஆம் எண். கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் வாழ்ந்து, 1837 ஜனவரியில் இறந்துபோன வீடு.

உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. தோள்பையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காரணம் இரண்டாவது அறையிலேயே விளங்கிவிடும். இந்த வீட்டில் முழங்கை இடிக்காமல் திரும்ப இடமில்லை. ரோமானியச் சாம்பல் கலசங்கள், உடைந்த பளிங்குக் கைகள், தூண் தலைப்புகள், பிளாஸ்டர் வார்ப்புகள் என்று தரையிலிருந்து கூரைவரை சுவரே தெரியாமல் நெருங்கியிருக்கின்றன. எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. எனக்கு முதலில் அது குறையாகப் பட்டது. கொஞ்ச நேரத்தில் நன்மையாகப் பட்டது. படிக்க ஒன்றுமில்லாதபோது கண்தான் வேலை செய்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்கலாம். அறைக்கு அறை நிற்கும் பொறுப்பாளர்கள் கேட்பதற்காகவே காத்திருப்பதுபோல் சொல்கிறார்கள்.

சோன் ஒரு கொத்தனாரின் மகன். 1753இல் பிறந்தவர். ராயல் அகாடமியில் படித்து, மன்னர் கொடுத்த பயண உதவித்தொகையில் 1778இல் இத்தாலிக்குப் போய் இடிபாடுகளை அளந்து வரைந்துகொண்டு வந்தார். 1788இல் இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞர் பதவி கிடைத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அதில் இருந்தார். மனைவி எலைசாவுக்கு அவருடைய மாமா வழியாக வந்த சொத்தும் சேர்ந்துகொள்ள, 1792இல் இந்தச் சதுக்கத்தில் 12ஆம் எண்ணை வாங்கி இடித்துக் கட்டினார். 1812இல் பக்கத்திலிருந்த 13ஆம் எண்ணையும் இடித்துக் கட்டினார், 1824 வாக்கில் அதற்கடுத்த வீட்டின் பின்பகுதியையும். மூன்றையும் பின்னால் இணைத்துத் தன் சேகரிப்புக்கு இடம் செய்தார். 1806இல் அகாடமியில் பேராசிரியர் ஆனபின், இத்தாலிக்குப் போக வசதியில்லாத மாணவர்கள் இங்கேயே வந்து பார்த்துப் படிக்கட்டும் என்று வீட்டைத் திறந்துவிட்டார். அந்த நெருக்கடியான அடுக்கலுக்கு அப்படியும் ஒரு காரணம் உண்டு.

ஆனால் இந்த வீட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது பொருள்கள் அல்ல, வெளிச்சம். லண்டனின் சாம்பல் நிற வானத்திலிருந்து எவ்வளவு பிடுங்க முடியுமோ அவ்வளவையும் சோன் பிடுங்கியிருக்கிறார். காலை உணவு அறை சின்னஞ்சிறியது. கூரை குடைபோல வளைந்து இறங்குகிறது, ஆனால் இரு பக்கச் சுவர்களையும் தொடுவதில்லை. அந்த இடைவெளியில் மேலிருந்து ஒளி வழிகிறது. கூரையிலும் மூலைகளிலும் குவியாடிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. உட்கார்ந்திருப்பவர் அசைந்தால் அறை முழுதும் அசைகிறது. இன்னோர் இடத்தில் மேற்கூரைக் கண்ணாடிக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, இத்தாலிய வெயிலை வரவழைத்திருக்கிறார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பல்லோ சிலையின் வார்ப்பின் மீது மாலை வெயில் அடித்தது.

அந்த அப்பல்லோவுக்கு எதிரே, கைப்பிடிச் சுவரின் மேல், சான்ட்ரி என்ற சிற்பி செதுக்கிய சோனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் பார்வைக்குக் கீழே, அடித்தளத்தில், இந்த வீட்டின் மிகப் பெரிய சொத்து கிடக்கிறது: எகிப்திய அரசன் முதலாம் சேத்தியின் கல்சவப்பெட்டி. ஒரே அலபாஸ்டர் கல்லைக் குடைந்து செய்தது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சர்க்கஸில் பயில்வானாக இருந்து புதையல் தேடப்போன இத்தாலியர் பெல்சோனி 1817இல் இதைக் கண்டெடுத்தபோது, இதன்மேல் செதுக்கியிருந்த எழுத்தை வாசிக்க உலகில் ஒருவருமில்லை. ஷாம்போலியோன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822இல்தான். விலை அதிகம் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் கைவிட்டது. 1824இல் சோன் 2,000 பவுண்ட் கொடுத்து வாங்கினார். உள்ளே கொண்டுவரப் பின்சுவரை இடிக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் மூன்று இரவுகள் விருந்து வைத்து, விளக்கொளியில் ஊருக்குக் காட்டினார். ஓவியர் டர்னரும் கவிஞர் கோல்ரிட்ஜும் வந்தவர்களில் உண்டு.

இப்போது கண்ணாடிக்குள் இருக்கும் பெட்டியை எட்டிப் பார்த்தால் உட்புறத் தரையில் நூட் தேவதை கைகளைத் தொங்கவிட்டு நிற்பது தெரிகிறது. எழுத்துகளில் ஒரு காலத்தில் நீலம் நிரப்பியிருந்தார்கள். லண்டனின் ஈரமும் புகையும் அதை ஏறக்குறைய முழுதும் தின்றுவிட்டன. வெண்மையாக இருந்த கல்லும் மஞ்சளாகிவிட்டது. எகிப்தின் வறண்ட கல்லறையில் மூவாயிரம் ஆண்டு கெடாமல் இருந்தது இங்கே இருநூறு ஆண்டில் இப்படி ஆனது. சேத்தியின் உடல் 1881இல் வேறொரு மறைவிடத்தில் கிடைத்து, இன்று கெய்ரோவில் இருக்கிறது. உடல் ஓரிடம், பெட்டி ஓரிடம். சோனின் ரசனையை எவ்வளவு மதித்தாலும், இந்தப் பெட்டி இருக்க வேண்டிய இடம் இதுவல்ல என்றே அதன் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது.

மேலே ஓவிய அறை. நீளம் பதினான்கு அடிகூடக் கிடையாது, ஆனால் 118 படங்கள். பொறுப்பாளர் ஒரு பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். படங்களோடு சுவரே கீலில் சுழன்று திறந்தது. உள்ளே இன்னொரு சுவர், அதில் இன்னும் படங்கள். அதையும் திறந்தால் ஒரு சிலையும், கீழ்த்தள அறைக்குள் இறங்கும் ஒளியும். இதே அறையில் ஹோகார்த் வரைந்த எட்டு ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. கஞ்சத் தகப்பன் சேர்த்துவைத்த பணத்தை மகன் குடித்தும் சூதாடியும் தொலைத்து, கடைசியில் பைத்தியக்கார விடுதியில் கிடக்கும் கதை. 1802இல் ஏலத்தில் 570 கினிக்கு இவற்றை எடுத்தவர் எலைசா.

“அப்போது அவர்களுக்குத் தெரியாதுங்க, என்ன வரப்போகிறதென்று” என்றார் பொறுப்பாளர்.

வந்தது இதுதான். சோனுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருவர், ஜானும் ஜார்ஜும். இருவரும் தன் தொழிலுக்கு வர வேண்டும் என்று ஈலிங்கில் ஒரு மாளிகையே வாங்கிக் கட்டி, அவர்கள் கண்முன்னே கட்டடக்கலையை விரித்து வைத்தார். மூத்தவருக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை, மனமும் இல்லை. இளையவர் ஜார்ஜ் கடன் வாங்கிச் சிறைக்குப் போனார். அப்பா பணம் தர மறுத்தார். 1815 செப்டம்பரில் ‘சாம்பியன்’ பத்திரிகையில் பெயரில்லாமல் இரண்டு கட்டுரைகள் வந்தன. சோனின் கட்டடங்களைக் கிழித்துத் தொங்கவிட்டவை. எழுதியது ஜார்ஜ் என்று தெரிந்ததும், ஏற்கெனவே நோயில் இருந்த எலைசா நொறுங்கிப் போனார். நவம்பர் 22ஆம் தேதி இறந்தார். மகன் கொடுத்த மரண அடிகள் என்று எழுதி, அந்தக் கட்டுரைகளைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார் சோன். மூத்த மகன் 1823இல் போய்ச் சேர்ந்தார்.

மிஞ்சிய ஒரே மகனுக்கு வீடு போகக் கூடாது. சோன் நாடாளுமன்றத்தை அணுகினார். ஜார்ஜுக்காக உறுப்பினர் வில்லியம் காபெட் சபையில் எதிர்த்துப் பேசியும், 1833இல் தனிச்சட்டம் நிறைவேறியது. சோன் இறக்கும்போது வீடு எப்படி இருக்கிறதோ, கூடியவரை அப்படியே என்றென்றும் வைத்திருக்க வேண்டும், மாணவர்களும் மக்களும் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நாம் இன்று காசு கொடுக்காமல் நுழைவது அதனால்தான். பிள்ளைகள் நல்லபடி அமைந்திருந்தால் இந்தப் பொருள்கள் பங்கு பிரிந்து, ஏலத்துக்குப் போய், நாற்பது வீடுகளில் சிதறியிருக்கும். ஒரு குடும்பத்தின் தோல்வியில்தான் ஊர்ச்சொத்து உண்டானது. இதை நினைத்து மகிழ எனக்கு மனம் வரவில்லை. ஜார்ஜ் செய்தது கொடுமைதான். ஆனால் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்காமல் அவர்களுக்காக மாளிகை கட்டிய தகப்பனின் பங்கும் அதில் இருக்கிறது. பின்முற்றத்தில் எலைசாவின் நாய் ஃபேனிக்கு ஒரு கல்லறை எழுப்பிப் பெயரும் பொறித்திருக்கிறார். அந்த நாய்க்குக் காட்டிய இளக்கத்தில் கொஞ்சம் ஜார்ஜுக்கும் காட்டியிருக்கலாம்.

சோன் பெரிதாக நம்பியிருந்த இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தை 1920களிலும் 30களிலும் இடித்து வேறு கட்டினார்கள். வெளிச்சுவர்தான் பெரும்பாலும் மிச்சம். சட்டம் காத்த இந்த வீடோ முழுதாக நிற்கிறது.

போகிறவர்கள் திங்கள், செவ்வாய் தவிர்க்கவும். அன்று விடுமுறை. ஓவிய அறையின் சுவர்களைத் திறந்து காட்டும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் செயின்ட் பேங்க்ராஸ் பழைய தேவாலயத் தோட்டத்துக்கும் போய்வரலாம். எலைசாவுக்காகச் சோன் வடிவமைத்த கல்லறை அங்கே இருக்கிறது. அவரும் மூத்த மகனும் அதிலேயே அடங்கியிருக்கிறார்கள். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் வளைந்த கூரைக்கு முன்மாதிரி அந்தக் கல்லறையின் தலைப்பகுதிதான் என்கிறார்கள். ஆனால் வீட்டை முதலில் பாருங்கள். காலை உணவு அறையின் கூரையைப் பார்த்துவிட்டுப் போனால், கல்லறையின் மேல் வளைந்திருப்பதும் அதே கூரை என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.