அப்பாவின் சுங்கான்

புகை பிடிக்காதே என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் தோட்டத்து வாத்தியார், சுங்கான் வாங்கிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாங்கியது எனக்கல்ல, என் அப்பாவுக்கு.

அப்பா இளவயதில் துரை பங்களாவில் எடுபிடி வேலை பார்த்தவர். மாலையில் துரை பைப் பிடிக்கும் வாசம் சமையற்கட்டு வரைக்கும் வருமாம். பிறகு முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். வாயில் இருந்தது சுருட்டு. மனத்தில் இருந்தது அந்தப் பைப். 2004-இல் முதல் சம்பளம் கைக்கு வந்ததும் ஈப்போவுக்கு ஓடினேன். கண்ணாடிப் பெட்டியில் எது அதிகம் பளபளத்ததோ அதையே வாங்கினேன்.

இரண்டே நாளில் அப்பாவின் நாக்கு வெந்துவிட்டது. கிண்ணத்தைக் கையால் தொட முடியாத சூடு. "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அம்மாதான் இரகசியமாகச் சொன்னார், அவரால் சோறு தின்ன முடியவில்லையென்று.

அடுத்த வாரம் வேறு கடைக்குப் போனேன். அங்கிருந்த முதிய சீனத் தவுக்கே பொறுமையாக விளக்கினார். மேலே கனத்த வார்னிஷ் பூசியது வேண்டாம். பிரையர் நல்லது, அது மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்க்கட்டி, நெருப்பைத் தாங்கும். கிண்ணத்தின் சுவர் தடிப்பாக இருக்கட்டும். பல்லில் கடித்திருக்க வேண்டுமே, ஆகவே கனம் கூடாது. பணம் அதிகம் போட விரும்பாதவருக்கு அமெரிக்காவின் மிசௌரியில் செய்யும் மக்காச்சோளச் சக்கைச் சுங்கான் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்ப்பக்கமிருந்து பஞ்சுக் கம்பியை விட்டால் கிண்ணத்தின் அடிவரை தடையின்றி வர வேண்டும். புகையிலையை முதலில் குழந்தையின் கைபோல் மெல்ல அடைத்து, பிறகு பெண்ணின் கைபோல், கடைசியில் ஆணின் கைபோல் அழுத்த வேண்டுமாம். அவசரமாக இழுத்தால் எந்தச் சுங்கானும் சுடும்.

வீட்டுக்கு வந்து பழையதில் கம்பியை விட்டுப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது.

பிரையர் அப்பாவுக்கு அமைந்துவிட்டது. சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்போது அவர் நடையிலேகூட ஒரு துரைத்தனம் வந்திருந்தது!

2009-இல் நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. சுங்கான் சுட்டதுதான், ஆறிவிடும் என்று பல மாதம் மறைத்துவிட்டார். சொன்னால் நான் வருந்துவேன் என்ற அதே நினைப்புத்தான். மருத்துவர் புற்றுநோய் என்றார். சுருட்டா, சுங்கானா, எதனால் என்று கேட்டேன்.

"எல்லாம் புகையிலைதானே, ஆசிரியரே?"

பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் குறைவு என்று படித்தவனான நானே நம்பியிருந்தேன். வாயில் தங்குவது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. மறு வருடம் அப்பா போய்விட்டார்.

இரண்டு சுங்கான்களும் என் அலமாரியில் இருக்கின்றன. படிவம் மூன்றில் படிக்கும் மகன், தாத்தாவைப் பார்த்தறியாதவன், சென்ற மாதம் பிரையரை எடுத்து முகர்ந்தான்.

"இதுதான் தாத்தா வாசமாப்பா?"

ஆமாம் என்றேன். வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன்.