பால் கணக்கு நோட்டு

பிப்ரவரி 14, 2024 – புதன்

சாம்பல் புதனும் காதலர் தினமும் இந்த வருஷம் ஒரே நாளில் வந்திருக்கின்றன. காலைத் திருப்பலியில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாளி வாளியாக ஓசூர் ரோஜா. நாளைக்கு இந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை என்னையே பார்த்தார். "யார் வூட்டுப் பொண்ணும்மா நீ? நெத்தியில என்ன அது?" என்றார். நான் இந்த வீட்டு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம். அத்தைக்கு மறதி நோய் தொடங்கி நாலு வருஷம்.

தவக்காலத்துக்கு எதை விடப் போகிறாய் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கறியை விடுவது எனக்குப் பெரிதில்லை. அத்தையிடம் குரல் உயர்த்துவதை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதி வைத்தால்தான் சொன்ன சொல்லில் நிற்பேன். வேறு நோட்டு அகப்படவில்லை. பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 17 – சனி

மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், தொற." மாட்டை விற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவருக்கு முட்டி மடங்காது. இந்த மாவட்டத்தின் போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு எத்தனையோ பேருடைய பல்லையும் எலும்பையும் தின்றிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. அத்தையின் கால்களுக்கு அது பிந்திப் போயிற்று. இருட்டில் விழுந்துவிடுவாரே என்ற பயத்தில் கத்திவிட்டேன்.

பயம் என்று எழுதுவது பாதிப் பொய். தூக்கம் கெட்ட கோபம்தான். அத்தை பேசாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். விடிந்ததும் அவருக்கு எதுவும் நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

பிப்ரவரி 25 – ஞாயிறு

எங்கள் கல்யாணத்தில் வாசித்த பகுதியை இன்று எடுத்துப் படித்தேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 13-ஆம் அதிகாரம். அன்று மாலையும் கழுத்துமாக நின்றபோது ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

அன்பைப் பற்றி அவர் சொல்லும் முதல் செய்தியே பொறுமை. ஒரு மறையுரையில் கேட்ட விளக்கம் நினைவுக்கு வந்தது. கிரேக்கத்தில் பொறுமைக்கு இரண்டு சொற்கள் உண்டாம். கஷ்டகாலத்தைத் தாங்குவது ஒன்று; மனிதர்களைத் தாங்குவது இன்னொன்று. பவுல் அந்த இடத்தில் வைத்தது இரண்டாவதை. வறட்சியைத் தாங்க தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே கூரைக்குள் இருக்கும் ஆளைத் தாங்குவதுதான் வரமாட்டேன் என்கிறது.

நம் பழந்தமிழில் 'பொறை' என்ற ஒரே சொல்லுக்குச் சுமை என்றும் பொருள், மலை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். பொறுமையை மனசுக்குள் இருக்கும் சாந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லைப் பார்த்தால் தோளும் இடுப்பும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கிறது. அத்தையை எழுப்பி உட்காரவைக்கும்போது என் இடுப்பு அதை ஒப்புக்கொள்கிறது.

அதே அதிகாரத்தில், அன்பு தீமையை மனசில் வைத்துக்கொள்ளாது என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. அங்கே பவுல் எடுத்தது கணக்கு எழுதுகிறவர்களின் சொல். படித்துவிட்டு இந்த நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: அத்தை திட்டியது மூன்று, நான் கத்தியது ஒன்று. முன்பக்கம் பால் கணக்கு, பின்பக்கம் அத்தை கணக்கு. இன்றோடு கோடு போடுவதை நிறுத்துகிறேன்.

மார்ச் 2 – சனி

இன்றைய நற்செய்தி ஊதாரி மகன் உவமை. பெங்களூரிலிருந்து கொழுந்தனார் போன் செய்த நாளில்தானா இது வர வேண்டும்? ஆறு மாசத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மணி நேரம் இருப்பார். "சின்னவன் வந்தானா?" என்று தினமும் கேட்கும் அத்தை, என் பெயரை ஒரு நாளும் கேட்பதில்லை.

கதையில் எல்லாரும் இளையவனைத்தான் பார்க்கிறார்கள். நான் இன்று மூத்தவனோடு வயலோரம் நின்றுகொண்டிருந்தேன். அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை, சொத்தை அழிக்கவில்லை, ஆனால் இத்தனை வருஷம் உழைத்தேன் என்று வருஷத்தை எண்ணி வைத்திருக்கிறான். தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வருகிறார். விருந்துக்குள் அவன் போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை.

மார்ச் 9 – சனி

பங்கு மகளிரோடு திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் போய்வந்தோம். அத்தையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

1921-இல் இரண்டு டாக்டர்கள் தொடங்கிய இடம். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், கம்பளி நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இங்கேயே வாழ்ந்தார்கள். கோபுரம் வைத்துக் கட்டிய கல் ஜெபாலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனோம்.

எனக்கு ஒட்டிக்கொண்டது அவர்களை ஊர் அழைத்த பெயர். ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குக் கீழே 'சின்ன' என்ற இடத்தில் உட்கார்ந்து, ஆயுள் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. 1932-இல், அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில், சென்னையில் கதரோடு நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்துச் சாயத் தண்ணீர் பீய்ச்சினார்கள். லண்டன் பார்லிமென்ட் வரை பேச்சு போயிற்று. அதற்குப் பிறகும் அவர் திரும்பி வந்தது இந்தச் சின்னண்ணன் வாழ்க்கைக்குத்தான்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பெரிய மருமகள் என்ற பட்டத்தை நான் ஒரு நாளாவது இறக்கி வைத்திருக்கிறேனா?

மார்ச் 16 – சனி

அரூரிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை வந்திருந்தாள். சிட்லிங்கி ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தது. சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993-இல் அங்கே ஒரு குடிசையில் தொடங்கியது. அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை என்பார்கள். அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸாகப் பழக்கி, அந்த எண்ணை இருபதுக்குப் பக்கம் இறக்க எத்தனையோ வருஷம் பிடித்தது.

அது திருச்சபை நடத்தும் ஆஸ்பத்திரி அல்ல. ஆனாலும் பவுல் சொன்ன பொறுமை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அரூர் பஸ்ஸைத்தான் கைகாட்டுவேன். நாற்பது நாள் விரதத்தை வைத்துக்கொண்டு நான் அலட்டிக்கொள்கிறேன்.

மார்ச் 29 – பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையின் ஆறாவது நிலையில் நின்றேன். வெரோணிக்கா முகம் துடைக்கிறார். பாரம் குறையவில்லை, தண்டனையும் நிற்கவில்லை. முகத்தைத் துடைத்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வெந்நீரில் துணி நனைத்து அத்தைக்கு முகம் துடைத்தேன். கையைத் தட்டிவிட்டார். மறுபடி துடைத்தேன்.

குரல் உயரவில்லை என்று எழுத ஆசை. காலையில் ஒருமுறை உயர்ந்தது.

மார்ச் 31 – உயிர்ப்பு ஞாயிறு

கொழுந்தனார் குடும்பத்தோடு வந்தார். "சின்னவன் வந்தானா?" என்று அவரிடமே கேட்டார் அத்தை. அவர் கொல்லைப்பக்கம் போய் நின்றார். நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டது எதற்கு என்று இருந்தது. காபி எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

மத்தியானம் ராகிக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து ஊட்டினேன். புதுசாக வந்த காலத்தில், "கட்டி தட்டிப்போச்சு, உங்கம்மா களி கிண்டக்கூடச் சொல்லித் தரலையா?" என்று பந்தியில் வைத்துக் கேட்ட அத்தை இவர். இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவதைக் கையால் தடுத்தார்.

"கட்டி கட்டியா இருக்கு. என் மருமக கிண்டினா இப்படி இருக்காது."

கொழுந்தனார் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வந்ததும் சொல்றேன் அத்தை" என்றேன்.

சாயங்காலம் நோட்டை முன்பக்கம் திருப்பினேன். மாசக் கடைசி. பால்காரருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன்.